கோணலான ஹாலுக்கு சோபா: சுவரை மட்டும் அளந்துகொண்டு போகாதீர்கள்

சோபா வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஓர் அளவோடுதான் கடைக்குள் நுழைகிறார்கள்: சுவரின் நீளம். சுவர் எட்டடி, சோபா ஏழடி, அப்புறம் என்ன என்று கணக்கு. சதுரமான ஹாலில் இந்தக் கணக்கு அதிகம் தப்பாது. ரயில் பெட்டி மாதிரி நீண்ட ஹால், தூண் துருத்திக்கொண்டிருக்கும் ஹால், ஒரு சுவர் சாய்வாகப் போகும் ஹால், திரும்பின பக்கமெல்லாம் கதவு உள்ள ஹால் என்றால் முதலில் அளக்க வேண்டியது ஆள் நடக்கும் வழியை.

ஒருவர் இடித்துக்கொள்ளாமல் போய்வர இரண்டரை முதல் மூன்று அடி வேண்டும். அதை ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதுதான் சோபாவுக்கான இடம். இங்கே பலரும் மறப்பது சோபாவின் ஆழத்தை. முதுகிலிருந்து முன்விளிம்பு வரை சுமார் மூன்றடி வந்துவிடும். பத்தடி அகல ஹாலில் போட்டுப் பாருங்கள்: சோபா 3 அடி, கால் நீட்ட இடைவெளி 1.5 அடி, டீப்பாய் 2 அடி, எதிரே டிவி மேசை 1.5 அடி. நடக்க மிஞ்சுவது 2 அடி. அதிலும் ஒரு கதவு உள்பக்கமாகத் திறந்தால் முடிந்தது கதை.

பழைய செய்தித்தாள்களை ஒட்டி, சோபாவின் அளவுக்குத் தரையில் விரித்து இரண்டு நாள் விட்டுவிடுங்கள். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து போகிறவர் எந்த இடத்தில் தாளை மிதிக்கிறார் என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்தது, மூலை இருக்கிறது என்பதற்காகவே எல் வடிவ சோபா வாங்குவது. அந்த மூலை சரியான செங்கோணமா? ஒரு சுவரில் மூலையிலிருந்து 3 அடியிலும் மற்றதில் 4 அடியிலும் குறி வையுங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையே நேராக 5 அடி வந்தால் மூலை சரி. கூடவோ குறையவோ வந்தால் சோபா ஒரு சுவரோடுதான் ஒட்டும்; மறுபக்கம் ஆப்பு வடிவத்தில் இடைவெளி விழும். ரிமோட், சீப்பு எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும்.

எல் சோபாவில் முன்னால் நீளும் பகுதி இடதா, வலதா என்ற குழப்பம் வேறு. நான் எதிரே நின்று பார்த்து ‘வலது’ என்றேன். கடைக்காரர் உட்கார்ந்திருப்பவரின் வலது என்று எழுதிக்கொண்டார். வந்து இறங்கிய சோபாவின் அந்த நீண்ட பகுதி, பால்கனிக் கதவை அடைத்துக்கொண்டு நின்றது. துணி காயப்போடப் போக அதன்மேல் ஏறி இறங்கியதெல்லாம் தனிக் கதை. இப்போது யார் கேட்டாலும், மேலிருந்து பார்ப்பதுபோல ஹாலை வரைந்து, கதவு ஜன்னலைக் குறித்து, அந்தத் தாளைக் கடையில் கொடுக்கச் சொல்கிறேன்.

ஒடுங்கிய ஹாலில் இரண்டு நீள சோபாக்களை எதிரெதிரே போடுவது எனக்குப் பிடிக்காது. ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கிற மாதிரி இருக்கும். ஒரு சோபாவும் எளிதில் நகர்த்தக்கூடிய இரண்டு நாற்காலிகளும் போதும். கைப்பிடியின் தடிமனையும் பாருங்கள். பக்கத்துக்குப் பத்து இன்ச் என்றால், ஏழடி சோபாவில் உட்கார மிஞ்சுவது ஐந்தடி நாலு இன்ச்தான். ரிக்ளைனர் என்றால் சாய்வதற்குப் பின்னால் எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வாசல். சோபாவைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். முதுகின் உச்சியிலிருந்து கைப்பிடியின் முன்நுனிக்கு ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். பின்பக்கக் கீழ் மூலையிலிருந்து அந்த நூலுக்குச் செங்குத்தாக உள்ள தூரத்தை அளங்கள். அது கதவு நிலையின் உள் அகலத்தைவிடக் குறைவாக இருந்தால், சோபாவைச் சாய்த்து உள்ளே கொண்டுவர வழி இருக்கிறது. அதே டேப்போடு படிக்கட்டுத் திருப்பத்தையும் லிஃப்டின் உயரத்தையும் அளந்துவிடுங்கள். சோபாவின் கால்கள் திருகிக் கழற்றக்கூடியவை என்றால் சில இன்ச் மிச்சம்.