கசினோ ரிக்கற் தொலைந்தால் உடனே செய்ய வேண்டியது

பிள்ளைகளைப் பார்க்க ரொறன்ரோ போகும் நல்லூர், கோண்டாவில் அம்மா அப்பாமார் பலர், நயாகரா பார்த்த கையோடு கசினோவுக்கும் ஒரு எட்டுப் போய் வருகிறார்கள். ஒன்ராறியோவில், காசு போட்டுச் சூதாடும் ஸ்லொட் மெசின்கள் இருக்கும் தளத்தில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். புறப்படும் முன் என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்வது இதைத்தான்.

விளையாட்டை முடித்ததும் மெசின் தருவது காசு இல்லை, ரிக்கற். தொகை, திகதி, நேரம், மெசின் இலக்கம், பார்கோட், நீளமான ஓர் எண் எல்லாம் அதில் இருக்கும். உங்கள் பெயர் இருக்காது. ஆகவே கையில் வைத்திருப்பவர் யாரோ, அவர் காசாக்கிவிடலாம்.

காணவில்லையென்றால் கைப்பையைக் கொட்டித் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். பக்கத்தில் சீருடையோடு நிற்கும் ஊழியரிடம் உடனே போங்கள். எந்த மெசின், எத்தனை மணி, ஏறக்குறைய எவ்வளவு என்று சொல்லுங்கள். மெசின் இலக்கம் தெரியாதா? பரவாயில்லை. "கழிப்பறைப் பக்கம், சிவப்பு டிராகன் படம் போட்டது" என்று ஓர் அம்மா கைகாட்டினார். அதை வைத்தே அந்த மெசின் கடைசியாக அச்சடித்த ரிக்கற்றைக் கணினியில் பிடித்தோம். காசாக்கியாயிற்றா இல்லையா, ஆயிற்றென்றால் எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பதெல்லாம் அங்கே பதிவாகியிருக்கும்.

இன்னும் காசாக்கவில்லையென்றால் நம்பிக்கை உண்டு. மேற்பார்வையாளர் கமராவில் பார்த்து, அது உங்களுடையதுதானா என்று விசாரிப்பார். கசினோவின் உறுப்பினர் அட்டையை மெசினில் போட்டு விளையாடியிருந்தால் அது பெரிய சாட்சி. யாராவது எடுத்துக் காசாக்கிவிட்டால் திரும்பக் கிடைப்பது கடினம். கசினோ தன் கையிலிருந்து தரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்போதும் விட்டுவிட வேண்டாம். கமராப் பதிவை அழியாமல் வைக்கச் சொல்லிக் கேளுங்கள், பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள். நாள்கள் போனால் பழைய பதிவுகள் அழிந்துவிடும். ஆங்கிலம் தடுமாறினால் மகனையோ மகளையோ தொலைபேசியில் பிடித்து ஊழியரிடம் கொடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரிக்கற் கையில் வந்தவுடன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அந்தப் படத்துக்குக் காசு தர மாட்டார்கள், ஆனால் விசாரணைக்கு உதவும். வட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள். ரிக்கற் சூட்டில் அச்சாகும் தாள், வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் எழுத்து கறுத்துப்போகும். காலாவதித் திகதியும் உண்டு, அன்றைக்கே மாற்றிவிடுவது நல்லது.

அப்புறம், வேறொருவர் விட்டுப்போன ரிக்கற் கண்ணில் பட்டால் ஊழியரிடம் கொடுத்துவிடுங்கள். காசாக்கினால் திருட்டாகிவிடும், விசிட் விசாவில் வந்த இடத்தில் பொலிஸ் விசாரணை வேண்டாம்.