எலும்புப்புரை மாத்திரையும் காலை அரை மணி நேரமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கு, ஆயர் ஈத்தாமில் என்னுடன் வசிக்கும் என் தாயார், எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்குப் பிறகு எலும்புப்புரைக்கு (எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய்க்கு) மருத்துவர் எழுதிக் கொடுத்த வாராந்திர மாத்திரையை ஏழு மாதங்கள் ஒரு வாரம்கூடத் தவறாமல் விழுங்கினார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், சூடான தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) ஒரு கோப்பையுடன். அடுத்த மாதத்துக்கான மாத்திரைகளை வாங்கச் சென்றபோது, மருந்தாளர் "எதைக் குடித்து விழுங்குகிறீர்கள், அம்மா?" என்று கேட்ட பிறகே, அந்த ஏழு மாத மருந்தில் பெரும்பகுதி உடலில் சேராமலேயே போயிருக்கலாம் என்பது எங்களுக்குத் தெரியவந்தது. மாத்திரையைத் தவறவிடக் கூடாது என்று அவருக்கு வாரந்தோறும் நினைவூட்டிய நான், அதை எப்படி விழுங்குகிறார் என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. இந்த நோய்க்கான மாத்திரையில் விழுங்கும் முறையும் மருந்தின் ஒரு பகுதிதான் என்பதால், அதே தவறு வேறு வீடுகளில் நேராதிருக்க இதை எழுதுகிறேன்.

எலும்புப்புரைக்கு மிகுதியாகத் தரப்படும் மாத்திரைகள் பிஸ்பாஸ்போனேட் என்ற வகையைச் சேர்ந்தவை. அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராமும் ரைசெட்ரோனேட் 35 மில்லிகிராமும் வாரம் ஒருமுறை. ஐபாண்ட்ரோனேட் 150 மில்லிகிராம் மாதம் ஒருமுறை. எலும்பை அரிக்கும் செல்களின் வேகத்தை இவை தணிக்கின்றன. ஆனால் இவை குடலில் மிகமிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகின்றன. அலெண்ட்ரோனேட்டை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீருடன், முறைப்படி விழுங்கினாலும் நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தை எட்டுவதில்லை; 70 மில்லிகிராமில் சேர்வது அரை மில்லிகிராமுக்கும் குறைவு. கோப்பியோ ஆரஞ்சுச் சாறோ உடன் சேர்ந்தால், அந்தச் சிறு அளவிலும் ஏறக்குறைய 60 விழுக்காடு குறைந்துவிடுகிறது. பசியாறும்போதோ பசியாறிய உடனேயோ விழுங்கினால் கிட்டத்தட்ட எதுவுமே மிஞ்சாது. பாலில் உள்ள கால்சியம் மருந்தைப் பற்றிக்கொண்டு வெளியேற்றிவிடும். மைலோவும் தே தாரிக்கும் பால் கலந்தவை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். போத்தல் தண்ணீரை வாங்குவோர், அதன் மேல் 'ஆயர் மினரல்' என்று இருந்தால் அதையும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் தாது நீரிலும் கால்சியம் இருக்கக்கூடும். காய்ச்சி ஆறவைத்த குழாய்த் தண்ணீரே போதுமானது.

தண்ணீரின் அளவிலும் தவறு நிகழ்கிறது. ஒரு மிடறு குடித்து விழுங்குவது போதாது. சுமார் 200 மில்லிலிட்டர், அதாவது ஒரு குவளை நிறையக் குடிக்க வேண்டும். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டாலோ, இரைப்பையிலிருந்து அமிலத்துடன் மேலேறினாலோ, அங்கே புண் உண்டாகும். அலெண்ட்ரோனேட் 1995-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மறு ஆண்டே, உணவுக்குழாயில் கடும் புண் ஏற்பட்ட நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதின. அவர்களில் பலர் போதிய நீர் அருந்தாதவர்கள், அல்லது விழுங்கியபின் படுத்துவிட்டவர்கள். ஆகவே மாத்திரையைக் கடிக்கவோ பொடிக்கவோ சப்பவோ கூடாது. முந்தைய இரவு படுக்கப் போகும்போதும், காலையில் படுக்கையிலிருந்து எழாமலேயும் விழுங்கக் கூடாது. விழுங்கியபின் குறைந்தது 30 நிமிடம், ஐபாண்ட்ரோனேட் என்றால் 60 நிமிடம், நிமிர்ந்து உட்கார்ந்தோ நின்றோ நடந்தோ இருக்க வேண்டும். அன்றைய முதல் உணவை உண்ணும்வரை படுக்கவே கூடாது.

நம் வீட்டுக் காலைப் பழக்கங்களையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. வாசலில் குனிந்து கோலம் போடுவது, சுவாமி அறையில் விழுந்து கும்பிடுவது ஆகியவற்றை அந்த அரை மணி நேரத்துக்குப் பின் வைத்துக்கொள்வது நல்லது. வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் புறப்படும் அவசரத்தில் இருப்பவர் அன்றே மாத்திரை நாளையும் வைத்துக்கொள்ள வேண்டாம். ஓய்வாக எழும் ஒரு நாளே சரியானது. விழுங்கும்போது வலியோ, நெஞ்சின் நடுவில் எரிச்சலோ, முன்பில்லாத நெஞ்சுக்கரிப்போ தோன்றினால், மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். "பழகிவிடும்" என்று தொடர்வது ஆபத்து. அரை மணி நேரம் நிமிர்ந்திருக்க இயலாதவர், விழுங்குவதில் சிரமம் உள்ளவர், சிறுநீரகம் வெகுவாகக் குன்றியவர் ஆகியோர் அதை முன்கூட்டியே சொன்னால், ஊசி போன்ற வேறு வழிகள் உண்டு.

நம் நாட்டில் அடிக்கடி நேரும் இன்னொரு தவறு ஒட்டுச்சீட்டைப் படிப்பதில் நிகழ்கிறது. அரசு மருந்தகங்கள் தரும் மலாய் ஒட்டுச்சீட்டில் 'செக்காலி செஹாரி' என்றால் நாளுக்கு ஒருமுறை, 'செக்காலி செமிங்கு' என்றால் வாரத்துக்கு ஒருமுறை. கண் மங்கிய முதியவருக்கு இவ்விரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இனிப்புநீர் (நீரிழிவு), இரத்த அழுத்த மாத்திரைகளுடன் ஒரே பையில் இதையும் போட்டுவைத்தால், வாராந்திர மாத்திரை நாள்தோறும் வாய்க்குள் போய்விடும். நாங்கள் அதைத் தனியே ஒரு டப்பாவில் வைத்து, சுவர் நாட்காட்டியில் உரிய ஞாயிறுகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறோம். ஒரு வாரம் மறந்துவிட்டால், நினைவு வந்ததற்கு மறுநாள் காலை ஒன்றை விழுங்கிவிட்டு, அடுத்த வாரம் வழக்கமான நாளுக்கே திரும்ப வேண்டும். ஒரே நாளில் இரண்டு கூடாது. தவறிக் கூடுதலாக விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க முயலாமல், படுக்காமல், பால் குடித்துவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மற்ற நாளில் தவிர்க்கச் சொன்ன பால், அப்போது மருந்தைப் பற்றிக்கொள்வதாலேயே உதவுகிறது.

கால்சியம் மாத்திரையை இதனுடன் சேர்த்து விழுங்குவதும் அதே காரணத்தால் பிழையாகும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் வயிற்று அமிலத்தைத் தணிக்கும் மருந்துகளுக்கும் இது பொருந்தும். கால்சியம் கார்பனேட் உணவுடன் சேரும்போதே நன்றாக உறிஞ்சப்படுகிறது. ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் பயன் குறைவு. ஆகவே அதை மதிய உணவுக்கோ இரவு உணவுக்கோ தள்ளிவைக்கலாம். இன்சுலின் போடுவோரும், தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்குவோரும், அந்த ஒரு காலையில் எதை எப்போது எடுப்பது என்று மருந்தாளரிடம் வரிசைப்படுத்தி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. நாம் 'எலும்புத் தேய்மானம்' என்று பேச்சில் சொல்வது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானத்தையே குறிக்கிறது, அது வலிக்கும். எலும்புப்புரை, எலும்பு முறியும்வரை வலிப்பதில்லை. எனவே முழங்கால் வலி குறையவில்லை என்று இந்த மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள், அது செய்ய வராத வேலையை அதனிடம் எதிர்பார்க்கிறார்கள். அதைவிடக் கவலை தருவது, வலிக்காகச் சந்தையில் வாங்கும் பதிவில்லாத ஜாமுக்கள், அதாவது பாரம்பரிய மூலிகை மருந்துகள். மலேசிய சுகாதார அமைச்சு, இத்தகைய மூட்டுவலி மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் கலந்திருப்பதைத் திரும்பத் திரும்பக் கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு நீண்ட நாள் உடலில் சேர்ந்தால் எலும்பு கரையும். ஒரு கை கட்டும் சுவரை மறு கை இடிப்பது போன்றது அது. பொட்டலத்தில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இல்லாததை வாங்கக் கூடாது. ஏற்கெனவே பல மாதம் சாப்பிட்டிருந்தால், அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து என்பதால், பொட்டலத்தை மருத்துவரிடம் காட்டியே நிறுத்த வேண்டும்.

பல் பிடுங்கும்முன் இம்மாத்திரையைப் பற்றிப் பல் மருத்துவரிடம் சொல்லாதிருப்பதும் ஒரு தவறு. அரிதாகத் தாடையெலும்பு ஆறாமல் போவதுண்டு. அதேபோல், பல ஆண்டுகள் விழுங்கியவருக்குத் தொடையிலோ கவட்டையிலோ மந்தமான வலி நீடித்தால், அதை வயதின் வலி என்று தைலம் தேய்த்து ஆற்றப் பார்க்காமல் எக்ஸ்ரே எடுக்கச் சொல்ல வேண்டும். நீண்ட காலப் பயன்பாட்டில் அரிதாக நேரும் தொடையெலும்பு முறிவுக்கு அதுவே முன்னறிகுறியாக இருக்கலாம். ஆசிய வம்சத்தினரிடம் இது மிகுதி.

அதனால்தான் இம்மாத்திரை வாழ்நாள் முழுதும் கேள்வியின்றித் தொடர்வதன்று. அலெண்ட்ரோனேட் எலும்பில் பல ஆண்டுகள் தங்கிவிடுவதால், சுமார் 5 ஆண்டுகளுக்குப் பின், முறிவு அபாயம் குறைந்தவருக்கு இடைவெளி விடலாமா என்று மருத்துவர் ஆராய்வார். அபாயம் மிகுந்தவருக்குத் தொடரச் சொல்வார். இதே நோய்க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசிக்கு அத்தகைய இடைவெளி இல்லை; அதைத் தள்ளிப்போட்டால் எலும்பு அடர்த்தி விரைந்து சரிந்து, முதுகெலும்பு முறியக்கூடும். பலருக்குத் தங்கள் மாத்திரை எந்த ஆண்டு தொடங்கியது என்பதே நினைவிருப்பதில்லை. கிளினிக் மாறும்போது அந்தத் தேதி முற்றிலும் தொலைந்துவிடுகிறது. என் தாயாரின் சந்திப்பு அட்டையின் பின்புறத்தில், முதல் மாத்திரையின் தேதியை எழுதியிருக்கிறோம். அதன் கீழே, தே ஓ நின்று தண்ணீர் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமையின் தேதியும் இருக்கிறது. மருத்துவர் 5 ஆண்டுகளை எண்ணும்போது அந்த ஏழு மாதங்களையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.