லாரி ரேடியோ இரைகிறதா? ஏரியலின் அடியைப் பாருங்கள்

தமிழ்நாடு-கேரள எல்லையான வாளையாரில் வண்டி வரிசையில் நிற்கும்போது எஃப்.எம். வெறும் இரைச்சலாக வந்தால், உடனே செட்டை மாற்றிவிடாதீர்கள். பெரும்பாலும் கோளாறு ஏரியலின் (ஆன்டெனாவின்) அடியில்தான் இருக்கும். போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். வாஷருக்குக் கீழே பெயின்ட்டும் துருவும் மூடியிருக்கும். ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்து, கூரைத் தகடு பளிச்சென்று தெரிந்த பிறகு இறுக்குங்கள். பாலக்காட்டு மழைக்கு, இறுக்கியதும் மேலே கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள். கூரை ஃபைபரா? அப்படியானால் ஏரியலின் அடியிலிருந்து சேசிஸுக்கு (வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு) ஓர் எர்த் வயர் இழுத்தே ஆக வேண்டும். ஏரியல் கம்பி 75 செ.மீ. இருந்தால், அது 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளத்தில் சரியாகக் கால் பங்கு. ஒடிந்த கம்பியை வைத்து ஒப்பேற்றாதீர்கள். அப்புறம், ஏரியல் கேபிளை டைனமோ பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் அந்த 'ஙொய்' சத்தம் என் வண்டியில் அதனால்தான் வந்தது.