கோடு ஒட்டியிருக்கும், குழாய் ஒட்டியிருக்காது: பாசன டிராயிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் ஒரு தோட்டத்துக்குப் பாசனக் குழாய் வரைந்துகொண்டிருந்தேன். ஏழாவது வால்வில் 14 ஸ்பிரிங்ளர், சுருக்கமாக ஹெட். எல்லாமே அரைவட்ட நாசில் (தண்ணீர் பீய்ச்சும் வாய்), ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 7 லிட்டர். கூட்டினால் 98. குழாய் அளவு கணக்கிடும் பொத்தானை அழுத்தினால் மென்பொருள் 63 என்றது. திரையில் ஒரு குறையும் தெரியவில்லை, எல்லாக் கோடும் ஹெட்டோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. அவசரத்தில் குழாய் அளவுக் குறிப்பைக் கையால் திருத்தி எழுதிவிட்டு அடுத்த வால்வுக்குப் போய்விட்டேன். மறுநாள் ஒரு ஹெட்டை நகர்த்திவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினேன். நான் எழுதியது அழிந்து பழைய தப்பு அளவே திரும்ப வந்து உட்கார்ந்தது.

உண்மையில் அந்த 63 என்ற எண்ணிலேயே விடை இருந்தது. 98-இல் 63 போனால் 35. அதை 7-ஆல் வகுத்தால் 5. ஐந்து ஹெட் கணக்கில் சேரவில்லை. வால்விலிருந்து ஹெட்களுக்குப் போகும் லேட்டரல் என்ற கிளைக்குழாய் வழியே ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனால், ஒரு டீ பிரிவுக்கு அப்பால் சரியாக ஐந்து. அங்கே ஜூம் செய்தேன், போதவில்லை, இன்னும் ஜூம் செய்தேன். குழாயின் முனை 3 மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றிருந்தது. கர்சரை அருகிலுள்ள புள்ளியில் ஒட்டவைக்கும் ஸ்நாப் வசதி அணைந்திருந்த நேரத்தில் கண் மதிப்பில் கிளிக் செய்திருக்கிறேன்.

முனையை இழுத்து ஒட்டினேன். கணக்கு அப்போதும் 63. பிராப்பர்ட்டீஸ் திறந்து பார்த்தபிறகுதான் தெரிந்தது: குழாயின் ஒரு முனையில் இசட் மதிப்பு, அதாவது உயரம், 0, மறுமுனையில் 41.2. அடியில் கிடந்த சர்வேயின் (நில அளவைப் படம்) கான்டூர் என்ற சம உயரக் கோட்டை ஸ்நாப் பிடித்திருந்தது. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே புள்ளி. மென்பொருளைப் பொறுத்தவரை ஒன்று தரையில், இன்னொன்று 41 மீட்டர் உயரத்தில். ஆட்டோகேடில் ஓஸ்நாப்-இசட் என்ற மாறியை 1 என்று வைத்துவிட்டால், ஸ்நாப் எதைப் பிடித்தாலும் உயரத்தை நடப்பு எலிவேஷனுக்கே கொண்டுவந்துவிடும். இப்போதெல்லாம் சர்வே ஃபைல் வந்ததும் முதலில் இதைத்தான் மாற்றுகிறேன்.

இந்தத் தவறு கவனிக்கப்படாமல் போயிருந்தால்? லேட்டரலில் தண்ணீர் விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. அந்த வேகத்தில் 63 லிட்டருக்கு 30 மில்லிமீட்டர் உள்விட்டம் போதும். 98 லிட்டருக்கு 37 வேண்டும். 30-இல் 98 லிட்டரை விட்டால் வேகம் 2.3 மீட்டருக்கு ஏறும். ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரப்படி உராய்வில் போகும் அழுத்தம் 63 லிட்டரில் இருந்ததைப்போல் ஏறக்குறைய 2.3 மடங்காகும். கடைசி ஹெட் எட்ட வேண்டிய இடத்துக்கு எட்டாது. புல் காயும்போது எல்லாரும் நாசிலைத்தான் கழற்றிப் பார்ப்பார்கள்.

படத்துக்குப் பின்னால் இருக்கும் தகவல்

பாசன மென்பொருளில் வரும் சிக்கல்களில் பெரும்பகுதி, அதை வெறும் படம் வரையும் கருவியாக நினைப்பதால் வருகிறது. ஒரு ஹெட் என்பது வட்டமும் புள்ளியும் சேர்ந்த பிளாக் (ஒரே பொருளாகக் கட்டிய படம்) மட்டுமல்ல. அதற்குள் நாசில் எது, ஆரம் எவ்வளவு, எத்தனை லிட்டர், எந்த அழுத்தம் என்ற விவரமும் உட்கார்ந்திருக்கிறது. அதை எக்ஸ்ப்ளோட் செய்து தனிக் கோடுகளாக உடைத்தால் படம் அப்படியே இருக்கும், விவரம் போய்விடும். பிறகு அட்டவணையில் அந்த ஹெட் வராது. "மென்பொருள் எண்ண மறுக்கிறது" என்று வருகிற புகார்களைத் தோண்டினால், என்றோ யாரோ எக்ஸ்ப்ளோட் அழுத்திய கதைதான் பெரும்பாலும் கிடைக்கும்.

ஸ்கேல் கட்டளை இதைவிட நயவஞ்சகமானது. மூலையில் கொஞ்சம் இடம் நனையாமல் தெரிகிறது. ஹெட்டைப் பிடித்து 1.2 மடங்கு பெரிதாக்கினால் வட்டம் இடைவெளியை மூடிவிடும். உள்ளே எழுதியிருக்கும் நாசில் அதே பழைய ஆரம்தான். தாளில் நனையும், தரையில் நனையாது. ஆரம் போதவில்லையென்றால் நாசிலை மாற்றுங்கள், இல்லையேல் ஹெட்டை நகர்த்துங்கள். ஒரு ஹெட்டின் தண்ணீர் பக்கத்து ஹெட் வரை எட்ட வேண்டும் என்ற விதியை வட்டத்தை இழுத்து ஏமாற்ற முடியாது.

பிரதிபிம்பம் எடுக்கும் மிரர் கட்டளையும் அப்படித்தான். முழுவட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒடுங்கிய பட்டைகளுக்கான மூலை நாசிலில் இடது, வலது என்று இரண்டு உண்டு. இடதை மிரர் செய்தால் படத்தில் வலதாகத் திரும்பும், உள்ளே மாடல் எண் இடதாகவே இருந்துவிடலாம். சமச்சீரான தோட்டத்தில் பாதியை வரைந்து மிரர் செய்யும் ஆசை எல்லாருக்கும் வரும். செய்யுங்கள், ஆனால் மூலை நாசில்களை மட்டும் தனியாக வையுங்கள்.

பன்னிரண்டு மடங்கு, ஆயிரம் மடங்கு

ஹெட்டை வைத்ததும் அது தோட்டத்தையே மூடும் அளவுக்குப் பெரிதாக வருகிறது, அல்லது எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. உடனே கை ஸ்கேல் கட்டளைக்குப் போகும். வேண்டாம். எத்தனை மடங்கு பிசகுகிறது என்று அளந்து பாருங்கள், அந்த எண்ணே நோயைச் சொல்லும். 12 என்றால் அடிக்கும் அங்குலத்துக்கும் குழப்பம். 25.4 என்றால் அங்குலமும் மில்லிமீட்டரும். 304.8 வந்தால் அடியும் மில்லிமீட்டரும். 39.37 வந்தால் மீட்டரும் அங்குலமும். 1000 என்றால் மீட்டரும் மில்லிமீட்டரும், சொல்லவே வேண்டாம்.

கட்டட வரைபடத்தில் ஒரு கதவை அளந்தால் போதும். 900 பக்கம் வந்தால் அந்த ஃபைல் மில்லிமீட்டரில் வரையப்பட்டது, 0.9 என்றால் மீட்டர், 36-ஐ ஒட்டி வந்தால் அங்குலம், 3 என்றால் அடி. பிறகு யூனிட்ஸ் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாத ஃபைல்கள் ஏராளம். அந்தப் பெட்டியில் அலகை மாற்றினால் பெயர்ச்சீட்டுதான் மாறும், வரைந்த கோடுகள் அசையாது. கோடுகளையும் சேர்த்து மாற்ற முன்னால் ஒரு ஹைஃபன் வைத்து டி-டபிள்யூ-ஜி-யூனிட்ஸ் கட்டளை இருக்கிறது.

இதில் ஒரு நுணுக்கம். அடியிலேயே இரண்டு உண்டு: சர்வதேச அடி, அமெரிக்க சர்வே அடி. வித்தியாசம் பத்து லட்சத்தில் 2 பங்குதான். தோட்டத்துக்குள் இது தெரியாது. ஆனால் சர்வே ஆயத்தொலைவு பத்து லட்சம் அடி என்றால் படம் 2 அடி தள்ளி விழும். சர்வே அடி 2022 இறுதியோடு அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டாலும் பழைய ஃபைல்களில் உயிரோடு இருக்கிறது.

அப்படிப்பட்ட பெரிய எண்கள் வேறு தொல்லையும் தரும். ஆரம்பப் புள்ளியிலிருந்து வெகுதூரத்தில் வரைந்தால் ஹேட்ச் (பரப்பை நிரப்பும் கோட்டுவடிவம்) விழாது, வட்டங்கள் நடுங்கும், ஸ்நாப் தடுமாறும். அதற்காகச் சர்வேயைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வதும், தாளுக்குப் பொருந்தச் சுழற்றிக்கொள்வதும் பெரிய தவறு. அடுத்த வாரம் திருத்திய சர்வே வரும், பழைய இடத்தில்தான் விழும். சுழற்ற வேண்டுமா, யூ-சி-எஸ் (நாமே திருப்பிக்கொள்ளும் அச்சு) வைத்துப் பார்வையை மட்டும் சுழற்றுங்கள். நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால், எல்லாத் துறையினரும் ஒத்துக்கொண்ட ஒரே புள்ளியை வைத்து நகர்த்துங்கள்.

சுத்தம் செய்வதிலும் சேதம்

ஃபைல் ஊர்ந்து போகிறது. காரணம் பெரும்பாலும் நீங்கள் வரைந்ததாக இருக்காது, வெளியிலிருந்து ஒட்டிய படமாக இருக்கும். கட்டட வரைபடத்தைக் காப்பி-பேஸ்ட் செய்தால் அதன் லேயர், ஸ்டைல், ஸ்கேல் பட்டியல், பதிவுக் குப்பை எல்லாம் கூடவே குடிவந்துவிடும். ஒட்டாமல் வெளி ஃபைலாகவே சுட்டிக் காட்டும் எக்ஸ்ரெஃப் ஆக இணைப்பதே வழி. அதற்கு முன் அந்த ஃபைலைத் தனியாகத் திறந்து ஆடிட் (பிழை திருத்தல்), பர்ஜ் (பயன்படாததை நீக்கல்), மறுபடி ஆடிட். சாதாரணப் பர்ஜ் தொடாத பதிவுப் பெயர்களுக்கு ஹைஃபன்-பர்ஜில் ரெக்-ஆப்ஸ் என்று கொடுக்க வேண்டும்.

ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளை நீக்கும் ஓவர்கில் கட்டளை விஷயத்தில் மட்டும் நிதானம். சர்வேக்கு அது அருமையான மருந்து. பாசன லேயரில் ஓட்டினால், ஒரே நேர்க்கோட்டில் முனைக்கு முனை நிற்கும் குழாய்களை ஒன்றாகச் சேர்த்துவிடும். 40, 32, 25 மில்லிமீட்டர் என்று படிப்படியாகக் குறைய வேண்டிய லேட்டரல் ஒரே நீளக் குழாயாகிவிடும். அதேபோல் "ஆல்" என்று தேர்ந்தெடுத்து அழிக்கும்போது, ஃப்ரீஸ் செய்த லேயர் தப்பிக்கும், ஆஃப் மட்டும் செய்த லேயர் கண்ணுக்குத் தெரியாமலே அழியும். இதை நான் எப்படிக் கற்றேன் என்று கேட்காதீர்கள்.

பாதைக்கு அடியில் குழாயைச் செலுத்தும் உறையான ஸ்லீவின் கோடு புள்ளிக்கோடாக வராமல் முழுக்கோடாகத் தெரிந்தால் புள்ளிக்கோட்டின் அளவைத் தீர்மானிக்கும் எல்-டி-ஸ்கேல், பி-எஸ்-எல்-டி-ஸ்கேல் இரண்டையும் பாருங்கள். துண்டு மிகச் சிறியதாக இருந்தாலும் அப்படித்தான் தெரியும். அது படக் குறை மட்டுமே.

காரணம் பிடிபடாவிட்டால் டிராயிங்கைப் பாதியாக வெட்டுங்கள். முதலில் ஒரு வெற்று ஃபைலில் ஒரு வால்வு, இரண்டு ஹெட், ஒரு குழாய் வரைந்து அதே கட்டளையை ஓட்டிப் பார்ப்பது. அங்கேயும் தகராறு என்றால் கோளாறு மென்பொருளிலோ கணினியிலோ. அங்கே ஓடினால் உங்கள் ஃபைலில். டபிள்யூ-பிளாக் மூலம் பாதியைத் தனி ஃபைலாக எழுதிச் சோதியுங்கள். தவறு எந்தப் பாதியில் இருக்கிறதோ அதை மறுபடி பாதியாக்குங்கள். ஆயிரம் பொருள் இருந்தாலும் பத்துச் சுற்றில் ஒன்றில் வந்து நிற்கும்.

இதையெல்லாம் பிரதியில் செய்யுங்கள். ஃபைல் உடைந்த பதற்றத்தில் சேவ் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவது நல்லதல்ல. தானாக உருவாகும் பி-ஏ-கே என்ற காப்பு ஃபைலில் இருப்பது முந்தைய சேவ் மட்டுமே. உடைந்ததை இருமுறை சேவ் செய்தால் அதுவும் உடைந்த பிரதிதான்.

கடைசியில் உதவிப் பிரிவுக்கு அனுப்ப நேர்ந்தால், எந்தக் கட்டளை, எந்த வால்வு, திரையில் வந்த வாசகம் என்ன என்று எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். ஈ-டிரான்ஸ்மிட் வைத்து எக்ஸ்ரெஃப் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி அனுப்புங்கள். அந்த 41.2 மீட்டர் கான்டூர் சர்வே ஃபைலில்தான் இருந்தது. பாசன ஃபைலை மட்டும் அனுப்பியிருந்தால் முனை ஏன் அந்தரத்தில் தொங்குகிறது என்பதற்கு அங்கே தடயமே இருந்திருக்காது.