கடிதத்தில் 'நாங்கள்' என்று எழுதாதீர்கள்: சபையை விட்டு வெளியே வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் லாசுப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கடைக்கு வந்தான். கடலூரில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. அவன் மோட்டார் எதுவும் கொண்டுவரவில்லை. செல்போனை நீட்டி, "அண்ணே, கமிட்டிக்கு லெட்டர் எழுதிட்டேன், ஒரு தடவை படிச்சுப் பாருங்க" என்றான்.

படித்தேன். இரண்டாவது வரியிலேயே வயிறு கலங்கியது. நான் 2009-இல் எழுதிய அதே கடிதம், அதே தவறோடு.

அந்த வருடம்தான் நான் சபையை விட்டு வெளியே வந்தேன். இயேசுவை விடவில்லை, சபையைத்தான் விட்டேன். கமிட்டித் தேர்தல், இரண்டு அணி, ஓட்டுப்போடும் ஞாயிற்றுக்கிழமையில் கோயில் வாசலில் போலீஸ். இதற்கு மேல் காரணம் சொல்லத் தேவையில்லை, நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அன்றிலிருந்து ஞாயிறு சாயங்காலம், முதலில் எங்கள் வீட்டுக் கூடத்தில், இப்போது வாரம் ஒரு வீட்டில், பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம், வேதம் வாசிக்கிறோம், சேர்ந்து சாப்பிடுகிறோம். எங்களைக் கேள்விப்பட்டுச் சின்னப் பிள்ளைகள் தேடி வருகிறார்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் நான் விழுந்த குழியிலேயே விழுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஜெபத்தை விட்டுவிடாதே, வேதத்தை மூடிவைக்காதே என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆத்திரத்தில் கிளம்புவது

ஆறு மாதம் பொறுங்கள். கோபம் அதற்குப் பிறகும் இருந்தால் அப்போது கிளம்பலாம்.

அடுத்த மாதமே இன்னொரு சபை ஆரம்பிப்பது

அமைப்பே வேண்டாம் என்று வருவார்கள். முதல் மாதம் பாய் விரித்து வட்டமாக உட்காருவார்கள். இரண்டாம் மாதம் ஒரு கீபோர்டு வரும். நாலாம் மாதம் மைக். எட்டுக்குப் பத்து கூடத்தில் பன்னிரண்டு பேருக்கு எதற்கு மைக் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு வருடத்தில் வாசலில் ஃப்ளெக்ஸ், அதில் கோட் போட்ட ஒருவர் படம், பெயருக்கு முன்னால் பாஸ்டர். பழைய இடத்திலாவது கமிட்டியை எதிர்த்து ஓட்டுப்போட முடிந்தது. இங்கே அதுவும் கிடையாது.

இதற்கெல்லாம் ஆதாரமாக எடுப்பது மத்தேயு 18:20. இரண்டு பேராவது மூன்று பேராவது என் நாமத்தினாலே எங்கே கூடியிருக்கிறார்களோ, அங்கே நான் இருக்கிறேன் என்ற வசனம். எனக்கும் பிடித்த வசனம்தான். ஆனால் அதற்கு ஐந்து வசனம் முன்னாலிருந்து வாசியுங்கள். உன் சகோதரன் உனக்குக் குற்றம் செய்தால் முதலில் தனியாகப் போய்ப் பேசு, கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். அதாவது, தப்புச் செய்தவனைத் தட்டிக் கேட்பதைப் பற்றிய பகுதி அது. உங்கள் வீட்டுக் கூட்டத்தை நடத்துகிறவரை நேருக்கு நேர் தட்டிக் கேட்க உங்களில் யாருக்காவது தைரியம் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த வசனத்தைச் சுவரில் ஒட்டாதீர்கள்.

'நான்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'நாங்கள்' என்று எழுதுவது

இங்கேதான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

என் கடிதத்தில் இருந்தது இதுதான்: "இனி இந்தச் சபைக்கும் எங்கள் குடும்பத்துக்கும் எந்த உறவும் இல்லை. எங்கள் நான்கு பேர் பெயரையும் பதிவேட்டிலிருந்து நீக்கிவிடவும்." நான்கு பேர் என்றால் நான், என் மனைவி, மகன், அம்மா. கையெழுத்து என்னுடையது மட்டும். மனைவியிடம் சொன்னேன், அவளும் சரி என்றாள். மகனுக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவிடம் நான் கேட்கவே இல்லை. கேட்க வேண்டும் என்ற நினைப்புகூட வரவில்லை. வீட்டுக்குக் கரண்ட் கனெக்‌ஷன் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தானே எழுதிக்கொடுப்பார், அந்த மாதிரி.

அம்மாவுக்கு அப்போது 71 வயது. கோயிலில் இடது பக்கம் மூன்றாவது பெஞ்ச், ஃபேனுக்கு நேர் கீழே, அதுதான் அவர் இடம். மாதர் சங்கத்தில் முப்பது வருடம். கமிட்டிச் சண்டையெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. "ஆம்பளைங்க அடிச்சிக்குவாங்க, அதுக்காகப் பாட்டு நின்னுடுமா" என்பார்.

கடிதம் கொடுத்த பிறகும் இரண்டு ஞாயிறு போனார். இரண்டாவது ஞாயிறு திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற ஆராதனை. யாரோ, யார் என்று கடைசி வரை சொல்லவில்லை, "உங்க பேரத்தான் எடுத்தாச்சே" என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவர் சேலையைக்கூட மாற்றாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரத்திலிருந்து முழங்கால் வலி என்றார். நானும் நம்பினேன். தைலம் வாங்கிக் கொடுத்தேன். அந்த முழங்கால் வலி ஏழு வருடம் இருந்தது. கடைத்தெருவுக்கு நடந்து போய் மீன் வாங்கி வருகிற முழங்காலுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் வலிக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டுக் கூட்டத்தில் சமையலறை வாசல்படியில் உட்கார்ந்திருப்பார். எல்லோருக்கும் டீ போட்டுத் தருவார். அம்மாவும் நம்மோடு வந்துவிட்டார் என்று மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

2016 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் இறந்தார். அப்பாவை 1994-இல் கோயில் கல்லறைத் தோட்டத்தில் புதைத்திருந்தோம். அந்தக் குழியைத் திறந்து அதிலேயே தன்னையும் வைக்க வேண்டும் என்று அம்மா எத்தனையோ முறை சொன்னதுண்டு. செக்ரட்டரி வீட்டுக்குப் போனேன். அவர் ஒன்றும் பேசாமல் பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்து, அதிலிருந்து என் கடிதத்தைக் காட்டினார். நீல மை, என் கோணல் எழுத்து, 'எங்கள் நான்கு பேர்'.

ராத்திரி பதினொரு மணி வரை பேச்சு. வீட்டில் ஃப்ரீசர் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். மாதம் 50 ரூபாய் சந்தா, 84 மாத பாக்கி, 4,200 ரூபாய். அப்பா குழியைத் திறக்க முடியாது, அது பதிவேட்டில் இருக்கும் குடும்பத்துக்குத்தான் என்றார்கள். புதுக் குழிக்கு 15,000. கேட்டுக்குப் பக்கத்தில் காம்பவுண்ட் சுவரை ஒட்டி இடம் கொடுத்தார்கள். அப்பா உள்ளே வேப்பமரத்தடியில், அம்மா வெளியே ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்துக்கு இந்தப் பக்கம்.

அவர்கள் செய்தது நியாயம் என்று சொல்ல வரவில்லை. 71 வயதுக் கிழவியின் பெயரை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அடித்தது அவர்கள் தப்பு. ஆனால் அடிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தது யார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக் கூட்டத்தார் அத்தனை பேரும் வந்தார்கள், அழுதார்கள், கிட்டார் எடுத்து வந்தார்கள். குழி வெட்டுகிறவர் நம்பர் ஒருவரிடமும் இல்லை. சவப்பெட்டி எங்கே சொல்வது என்று தெரியாது. ராத்திரி ஒரு மணிக்குப் பழைய மாதர் சங்கத்து அம்மாக்கள் ஆறு பேர், இரண்டு ஃப்ளாஸ்க் காபியோடு வந்து உட்கார்ந்து விடியும்வரை கீர்த்தனை பாடினார்கள். பதிவேட்டில் பெயர் இருக்கிறதா இல்லையா என்று அவர்கள் பார்க்கவில்லை. நான் தேடிக்கொண்டிருந்த சபை எங்கே இருந்தது என்று அந்த ராத்திரி எனக்குப் புரிந்தது. அதற்காகத் திரும்பிப் போகவில்லை. அது வேறு விஷயம்.

மாற்கு 7-இல் 'கொர்பான்' என்று ஒரு வார்த்தை வரும். பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல், இது கடவுளுக்கென்று நேர்ந்த காணிக்கை என்று சொல்லித் தப்பிக்கிறவர்களை இயேசு அங்கே பிடிபிடியென்று பிடிக்கிறார். அந்த அதிகாரத்தை வைத்து எங்கள் வீட்டுக் கூட்டத்தில் நான் நாலு வாரம் பேசியிருக்கிறேன். பரிசேயர்கள், சடங்குக்காரர்கள், கோயில் கமிட்டி என்று எல்லோரையும் திட்டினேன். அம்மா வாசல்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

சரி, என்ன செய்யலாம்? உங்கள் பெயரை மட்டும் எழுதுங்கள். வீட்டில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக, மற்றவர் இல்லாத நேரத்தில் கேளுங்கள். "உன் இஷ்டம்பா" என்று பெரியவர்கள் சொன்னால் அதற்குச் சம்மதம் என்று அர்த்தமில்லை. அவர்கள் சந்தாவை நீங்களே மாதாமாதம் கொண்டுபோய்க் கட்டி ரசீது வாங்கி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியில் கொண்டுபோய் விடுங்கள், முடிந்ததும் போய்க் கூட்டி வாருங்கள். வாசலில் நிற்கிற பத்து நிமிஷத்தில் உங்கள் கொள்கை ஒன்றும் கரைந்துவிடாது. மோட்டார் எரிந்தால் காயிலைத்தான் வெட்டி எடுப்போம். பாடியை யாரும் சுத்தியலால் உடைப்பதில்லை.

சாதியை மூட்டை கட்டி எடுத்து வருவது

புதுச்சேரியில் சம்பா கோயில் என்ற மாதா கோயிலுக்கு உள்ளேயே சாதி பிரிக்க ஒரு சுவர் இருந்ததையும் அது இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை 1745-இல் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அதெல்லாம் அந்தக் காலம் என்று யாராவது சொன்னால் எறையூரைச் சொல்லுங்கள். 2008 மார்ச்சில் அங்கே கிறிஸ்தவர்களுக்குள்ளேயே சாதிப் பிரச்சினை மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள்.

இதையெல்லாம் சொல்லித்தான் பலர் சபையை விட்டு வருகிறார்கள். வந்து ஆரம்பிக்கிற வீட்டுக் கூட்டத்தைப் பார்த்தால் மாமன், மச்சான், சித்தப்பா மகன். எல்லாம் ஒரே தெரு. அழைத்தோம், அவர்கள்தான் வரவில்லை என்பார்கள். நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டீர்களா? எங்கள் கூட்டத்தில் இப்போது வாரம் ஒரு வீடு என்று வைத்திருக்கிறோம், யார் வீடாக இருந்தாலும் அங்கே சாப்பாடு உண்டு. இந்த ஒழுங்கைக் கொண்டுவந்த மாதமே இரண்டு குடும்பம் நின்றுவிட்டது.

யூடியூபில் பிரசங்கம் கேட்பதையே ஐக்கியம் என்று நினைப்பது

உங்களுக்குக் காய்ச்சல் என்றால் அந்த ஊழியக்காரர் கஞ்சி கொண்டுவர மாட்டார்.

நாம்தான் முதல் ஆள் என்று நினைப்பது

நாசரேத் பக்கத்தில் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை மிஷனரிகளோடு முரண்பட்டு வெளியேறி 1857-இல் இந்து கிறிஸ்தவ சபையை ஏற்படுத்தினார். வெள்ளைக்காரன் கட்டுப்பாடு வேண்டாம் என்றார், ஓய்வுநாளையே சனிக்கிழமைக்கு மாற்றினார். கடைசியில் அதுவும் ஒரு சபையாகத்தான் ஆனது. தொழிற்சங்கத் தலைவராகவும் சென்னை மேயராகவும் இருந்த வி. சக்கரைச் செட்டியாரும் அவரோடு சேர்ந்தவர்களும், மேற்கிலிருந்து வந்த சபை அமைப்பு இந்தியாவுக்கு எதற்கு என்று சுதந்திரத்துக்கு முன்பே கேட்டார்கள். இவர்களைப் பற்றித் தெரிந்துகொண்டால் தலைக்கனம் கொஞ்சம் குறையும்.

தசமபாகம்

வீட்டுக் கூட்டத்திலும் வேதத்தில் மல்கியா புத்தகத்தை எடுத்து வருமானத்தில் பத்தில் ஒன்று கேட்டால் உபாகமம் 14-ஐ வாசித்துக் காட்டுங்கள். அங்கே தசமபாகத்தைக் குடும்பத்தோடு சாப்பிட்டுச் சந்தோஷப்படச் சொல்லியிருக்கிறது, மூன்றாம் வருடத்தின் பங்கு லேவியனுக்கும் பரதேசிக்கும் அநாதைக்கும் விதவைக்கும். அப்புறம், கணக்கு நோட்டு எல்லோரும் புரட்டுகிற இடத்தில் இருக்கட்டும். எங்கள் நோட்டு டிவி மேல் கிடக்கிறது.

கல்யாணத்துக்கு வழி பார்க்காமல் இருப்பது

கூட்டத்தை நடத்துகிற அண்ணன் ஜெபித்து மோதிரம் மாற்றிவிட்டால் சட்டப்படி கல்யாணம் ஆகிவிடாது. 1872-ஆம் வருட இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, அதற்கு அதிகாரமோ உரிமமோ உள்ளவர்தான் நடத்தி வைக்க வேண்டும். இல்லையென்றால் 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு அலுவலகத்தில் செய்துகொள்ளலாம். அதற்கு முப்பது நாள் நோட்டீஸ் உண்டு. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள். ஞானஸ்நானச் சான்றிதழ் நகலையும் சபையோடு முகம் கொடுத்துப் பேசுகிற காலத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

லாசுப்பேட்டைத் தம்பியிடம் 'எங்கள் குடும்பம்' என்ற இடத்தைக் காட்டி, "அம்மாகிட்ட கேட்டியா?" என்றேன். இல்லை என்றான். அம்மா கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருந்தார்களாம், வியாழக்கிழமைதான் திரும்புவார்களாம். கடிதம் இன்னும் அவன் செல்போனில்தான் இருக்கிறது. கிளம்பும்போது, "சந்தா எவ்வளவுன்னுகூட எனக்குத் தெரியாதுண்ணே, அம்மாதான் கட்டுறாங்க" என்றான்.