அரிக்கமேட்டுக்கு முதல்முறை போகிறீர்களா? இந்த வரிசையில் போங்கள்

போன மாதம் சித்தப்பா குடும்பத்தை அரிக்கமேட்டுக்கு அழைத்துப் போனேன். திரும்பும்போது சித்தி, "இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம்ப்பா" என்றார். என்னுடைய முதல் பயணம் அப்படி முடியவில்லை. ஒரு செங்கல் சுவரை நாலு பக்கமும் படம் எடுத்துவிட்டு, அரை மணி நேரத்தில் மனம் வெறுத்துக் கிளம்பினேன். அதன் பிறகு ஐந்தாறு தடவை போய்ப் பார்த்ததில், எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்பது பிடிபட்டது. அந்த வரிசைதான் இது.

பாண்டிக்கு வருகிறவர்கள் கடற்கரைச் சாலையோடு நின்றுவிடுகிறார்கள். ஊருக்குத் தெற்கே, ஆற்றங்கரையில், இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே கண்ணாடி உருக்கி மணி செய்த, கல்லைத் தீட்டிய, கப்பல் சரக்கு இறக்கிய ஒரு துறைமுக ஊர் இருந்தது. அதுதான் அரிக்கமேடு. அதே ஆற்றின் மறுகரையில் இப்போது கைவினைக் கிராமம் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் முழுசாகப் பார்த்த மாதிரி.

முதல் படி: மேட்டுக்குப் போகாதீர்கள், மியூசியத்துக்குப் போங்கள்

பாரதி பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் புதுச்சேரி அருங்காட்சியகம். திங்கட்கிழமை விடுமுறை. அரிக்கமேட்டுப் பொருட்கள் வைத்திருக்கும் இடத்தைக் கேட்டுக்கொண்டு நேராக அங்கே போங்கள். பல்லக்கையும் பீரங்கியையும் அப்புறம் பார்க்கலாம்.

மூன்று பொருட்களை மனதில் வாங்கிக்கொண்டால் போதும். முதலாவது ஆம்போரா. மதுவும் எண்ணெயும் வந்த ரோமானியச் சாடி. 1944இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியக அலமாரி ஒன்றில் இதன் துண்டைப் பார்த்துத்தான் அரிக்கமேட்டைத் தேடி வந்தார், 1945இல் தோண்டினார். இரண்டாவது, ரௌலட் தட்டு. தட்டின் உட்புற அடியில், நடுவைச் சுற்றி வட்ட வட்டமாகப் பொடி வெட்டுக் குறிகள் ஓடும். சின்னச் சக்கரம் ஒன்றை உருட்டி அழுத்தியது போல இருக்கும். இத்தாலியின் அரெட்சோ பக்கம் செய்த சிவப்புக் கிண்ணங்களின் காலம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவற்றோடு ஒரே மண்ணடுக்கில் கிடைத்ததை வைத்துத்தான் வீலர் இந்தத் தட்டுகளுக்கும், அதன் வழியே தென்னிந்தியப் பானை ஓடுகள் பலவற்றுக்கும் காலம் சொன்னார்.

மூன்றாவது மணிகள். இங்கே அவசரப்படாதீர்கள். கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, செங்காவி, நீலம், பச்சை, மஞ்சள், கறுப்பு என்று இருக்கும். உற்றுப் பார்த்தால் சிலவற்றில் மெல்லிய கோடுகள் துளை போகும் திசையிலேயே ஓடும். உருகிய கண்ணாடியை நீளக் குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடுகாட்டி முனையை மழுக்கியிருக்கிறார்கள். கம்பியில் ஒவ்வொன்றாகச் சுற்றிச் செய்த மணியாக இருந்தால் கோடு துளையைச் சுற்றி வளையும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்துவிட்டால் நீங்கள் அங்கிருந்து எளிதில் நகர மாட்டீர்கள்.

இரண்டாம் படி: வழி

கடலூர் ரோட்டில் முருங்கப்பாக்கம் தாண்டி, பாலம் தாண்டி, அரியாங்குப்பம். அங்கிருந்து கிழக்கே வீராம்பட்டினம் போகும் சாலையில் திரும்பி, காக்காயந்தோப்பு என்று கேளுங்கள். "அரிக்கமேடு" என்று கேட்பதைவிட இந்தப் பெயர் சீக்கிரம் வழி காட்டும். காரைவிட ஸ்கூட்டர்தான் என் தேர்வு. டவுன் பஸ்ஸில் வந்தால் கொஞ்சம் நடக்க வேண்டும். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். பழைய செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். தோப்புக்குள் முள்ளும் சருகும் அதிகம்.

மூன்றாம் படி: அந்தச் சுவர்

நான் தடுமாறிய இடம் இதுதான். தோப்புக்குள் நுழைந்ததும் தூண்களோடு ஒரு செங்கல் கட்டடத்தின் மிச்சம் கண்ணில் படும். செடி முளைத்து, காரை உதிர்ந்து, பார்த்தவுடனே "ரோமானியக் கிடங்கு" என்று நம்பத் தோன்றும். நானும் நம்பினேன். வீட்டுக்கு வந்து படங்களை எல்லாருக்கும் அனுப்பினேன். அடுத்த முறை போனபோது, தோப்பில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "அது வெள்ளைக்காரச் சாமியாருங்க இருந்த இடம் தம்பி" என்றார். அவர் சொன்னதுதான் சரி. அது 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மிஷனரிகள் நடத்திய குருமடத்தின் இடிபாடு. ரோமுக்கும் அதற்கும் ஆயிரத்தெழுநூறு வருட இடைவெளி.

அப்படியானால் வீலர் கண்ட கட்டடங்கள் எங்கே? உங்கள் காலுக்குக் கீழே. சுமார் 150 அடி நீளக் கிடங்கு ஒன்று, தொட்டிகளும் வடிகால்களும் கொண்ட முற்றங்கள். துணிக்குச் சாயம் தோய்த்த தொட்டிகளாக இருக்கும் என்பது அவர் கணிப்பு. பிறகு 1947 முதல் 1950 வரை பிரெஞ்சுத் தொல்லியலாளர் கசாலும், 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லியும் தோண்டினார்கள். தோண்டிய குழிகளை மண் போட்டு மூடிவிட்டார்கள். திறந்து கிடந்தால் மழையில் கரைந்துவிடும். ஆகவே மேட்டில் கட்டடம் தேடாதீர்கள்.

ஆற்றங்கரைக்கு நடங்கள். ஆறு கரையை அரித்திருக்கும் இடத்தில் மண்ணின் வெட்டுமுகம் தெரியும். அதில் பானை ஓடு, செங்கல், மறுபடி ஓடு என்று அடுக்காக நீட்டிக்கொண்டிருக்கும். நான் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வைத்திருக்கிறேன்; போன் கேமராவைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். குனிந்து, கை வைக்காமல் பாருங்கள். எதையும் எடுக்காதீர்கள், ஒரே ஒரு பானை ஓட்டைக்கூட. இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பது ஒரு காரணம். இருந்த இடத்தைவிட்டு எடுத்த ஓடு எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இங்கே நிற்கும்போது எனக்கு லெ ஜாந்தீல் ஞாபகம் வரும். 1769இல் சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்கப் பாண்டிச்சேரியில் காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர். சரியாக அந்த நேரத்தில் மேகம் மூடிவிட்டது. இந்த ஆற்றங்கரையின் பழைய செங்கற்களைப் பற்றி எழுதி வைத்தவர்களில் முதல் ஆள் அவர்தான்.

நான்காம் படி: மறுகரை

திரும்பி வரும் வழியில் முருங்கப்பாக்கம் கைவினைக் கிராமம். வெயில் ஏறிய பிறகு போவதற்கு நிழலான இடம். கைவினைஞர்கள் வேலையில் இருக்கும் பட்டறையாகப் பார்த்து உட்காருங்கள். போன முறை ஒரு அண்ணன் களிமண் குதிரைக்குக் காது ஒட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் ஈர்க்கால் கீறல் போட்டு, களிமண் கூழைத் தடவி, அழுத்தி, கட்டை விரலால் ஓரத்தை இழுத்து மூடினார். "கீறல் போடாம ஒட்டுனா சூளையில காது தனியா வந்துடும்" என்றார். காலையில் பார்த்த ஓடுகளையும் இப்படி ஒரு கைதானே இழுத்து மூடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏதாவது வாங்குவதாக இருந்தால் செய்தவரிடமே வாங்குங்கள். பேரம் பேச வேண்டாம் என்பது என் கருத்து. அவர்கள் சொல்லும் விலையில் சூளை விறகின் விலையும் அடங்கியிருக்கிறது.

வாசகர்கள் கேட்டதற்குப் பிறகு சேர்த்தது:

குழந்தைகளோடு போய் ஆற்றங்கரைக்கு இறங்க முடியவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். மழைக்காலத்தில் கரை வழுக்கும், இறங்கவே வேண்டாம். முருங்கப்பாக்கத்திலிருந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு போகிறது. கிளம்பும் முன் படகுக்காரரிடம், "அரிக்கமேட்டுக் கரைப் பக்கம் போகுமா, தண்ணீர் வற்றும் நேரம் எது" என்று கேளுங்கள். தண்ணீர் இறங்கியிருக்கும்போதுதான் கரை நன்றாகத் தெரியும்.

இன்னொருவர் ஆடி மாத வெள்ளிக்கிழமை ஒன்றில் போய், பாதி வழியிலேயே மாட்டிக்கொண்டார். அது வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேர்த் திருவிழா நாள். அன்றைக்கு அந்தச் சாலை முழுக்கத் தேர்க் கூட்டம்தான். அந்த நாளில் போனால் தேர் பாருங்கள். மேட்டுக்கு வேறொரு நாள் வரலாம்.