மூடுபனியைப் புகை என்று எழுதிவிடாதீர்கள்: புறநகர்க் காற்றை அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், தன் கருவி வரைந்த வரைபடத்தை அனுப்பியிருந்தார். அதிகாலை 5.30 மணிக்கு நுண்துகள் (பிஎம் 2.5) கன மீட்டருக்கு 190 மைக்ரோகிராம் என்று ஒரு மலை எழுந்து, எட்டு மணிக்குள் 40க்கு இறங்கியிருந்தது. "பக்கத்துத் தொழிற்கூடம் விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் புகை விடுகிறது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்" என்று கீழே எழுதியிருந்தார். படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆறு வருடங்களுக்கு முன் நான் இதே மாதிரி வரைபடத்தைத்தான் எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்தின் படி ஏறினேன்.

காற்றை அளக்க வருகிறவர்கள் யாரும் பொழுதுபோக்குக்காக வருவதில்லை. வீட்டில் ஒரு குழந்தைக்கு இழுப்பு இருக்கும், அல்லது மாரடைப்பு வந்து மீண்ட அப்பா இருப்பார். அதனால்தான் அவர்களுடைய உழைப்பு வீணாவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சார்ஜர் கழன்றது, வைஃபை அறுந்தது போன்றவற்றை எல்லாரும் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

ஈரத்தைப் புகையாக எண்ணுவது

எங்கள் குடியிருப்பை ஒட்டிய காலி மனையில் இரவு நேரத்தில் குப்பையைக் குவித்து எரித்துவந்தார்கள். பழைய ஒயர், பிளாஸ்டிக் பை, பிவிசி குழாய்த் துண்டு எல்லாம் அதில் கிடக்கும். பிவிசி எரிந்தால் டையாக்சின் வரும், அது புற்றுநோயை உண்டாக்கும் என்று தெரிந்ததும் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு சிறிய கருவி வாங்கினோம். ஆறு மாதம் விடாமல் பதிவு செய்தோம். எந்தெந்த நாள் 150ஐத் தாண்டியது என்று அச்சிட்டு, சிவப்பு மையால் வட்டம் போட்டு, உரிய அலுவலகத்தில் கொடுத்தோம்.

அந்த அதிகாரி பக்கங்களைப் பொறுமையாகப் புரட்டினார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த நேரங்களில் ஈரப்பதம் எவ்வளவு?" எங்களிடம் பதில் இல்லை. நாங்கள் வட்டம் போட்ட நாட்களில் பாதிக்கு மேல் மூடுபனி இறங்கிய விடியற்காலைகள். குப்பை எரிந்ததோ இரவில். இரண்டையும் ஒன்றாகக் கலந்து கொடுத்துவிட்டோம். "கருவியில் பிழை" என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். அதன்பின் நாங்கள் எதைக் கொண்டுபோனாலும் அந்த ஒரு வரியைத்தான் எடுத்துக் காட்டினார்கள். எரிப்பு நிற்க மேலும் ஒன்றரை வருடம் ஆனது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்த ஒன்றரை வருடமும் இன்ஹேலரைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறாது.

விஷயம் இதுதான். இந்தச் சிறிய கருவிகள் துகளை எடைபோடுவதில்லை. உள்ளே ஒரு சின்ன விசிறி காற்றை இழுக்கிறது, லேசர் கதிர் குறுக்கே பாய்கிறது. துகளில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்து "இவ்வளவு எடை இருக்கும்" என்று கருவி ஊகிக்கிறது. காற்றில் மிதக்கும் சல்பேட், நைட்ரேட் உப்புத் துகள்கள் ஈரத்தைக் குடித்து உப்பக்கூடியவை. ஈரப்பதம் 75, 80 சதவீதத்தைத் தாண்டினால் துகள் பெரிதாகிறது, சிதறும் ஒளி கூடுகிறது, எண் எகிறுகிறது. மூடுபனியின் நீர்த்துளியையே துகள் என்று எண்ணிவிடுவதும் உண்டு. அரசின் காற்றுக் கண்காணிப்பு நிலையங்களில் இருக்கும் கருவிகள் காற்றைச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்த பிறகு அளக்கின்றன, அல்லது வடிதாளை உலர்ந்த நிலையில் எடைபோடுகின்றன. அதனால்தான் இரண்டும் ஒத்துப்போவதில்லை.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பர்ப்பிள்ஏர் என்ற சிறிய லேசர் கருவிகளுக்கென்று ஒரு திருத்தச் சூத்திரம் வகுத்தது. கருவி காட்டும் எண்ணை 0.524ஆல் பெருக்கி, ஈரப்பதத்தை 0.0862ஆல் பெருக்கிக் கழித்து, 5.75ஐக் கூட்ட வேண்டும். கருவி 190 காட்டி, ஈரப்பதம் 95 சதவீதம் என்றால் விடை 97. கிட்டத்தட்ட பாதி! அது அங்கே உள்ள காற்றையும் அந்தக் கருவியையும் வைத்துப் போட்ட கணக்கு, அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். உங்கள் கருவியை அருகிலுள்ள அரசு நிலையத்தின் பக்கத்தில் குறைந்தது இரண்டு வாரம் வைத்து, இரண்டும் காட்டுவதை ஒப்பிட்டு உங்கள் கணக்கை நீங்களே போட வேண்டும். மழைக்காலத்தில் ஒருமுறை, வெயில் காலத்தில் ஒருமுறை செய்தால் நல்லது.

இதைக் கேட்டதும் சிலர் மறுகோடிக்குப் போய், விடியற்காலைப் பதிவுகளை எல்லாம் அழித்துவிடுகிறார்கள். அதுவும் தவறு. விடியலில் காற்று உண்மையாகவே மோசமாகும். இரவில் தரை குளிர்ந்துவிடுவதால் கீழே குளிர்காற்றும் மேலே வெதுவெதுப்பான காற்றும் மூடிபோல உட்கார்ந்துகொள்கின்றன. வெப்பத் தலைகீழ் என்று இதைச் சொல்வார்கள். கீழே விட்ட புகை மேலே போகாது. 1948 அக்டோபரில் அமெரிக்காவின் டொனோரா என்ற சிற்றூரில் இந்த மூடி நாட்கணக்கில் விலகவில்லை. துத்தநாக ஆலை, எஃகு ஆலைகளின் புகை பள்ளத்தாக்கிலேயே தேங்கி 20 பேர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் நோயில் விழுந்தார்கள். ஆகவே அதிகாலைப் பதிவை அழிக்காதீர்கள். பக்கத்தில் ஈரப்பதத்தையும் எழுதி, "சந்தேகம்" என்று குறித்து வையுங்கள்.

பழகினால் வரைபடத்தின் உருவமே சொல்லிவிடும். பனி மெதுவாக ஏறும், ஈரப்பதக் கோட்டோடு ஒட்டிக்கொண்டே போகும், வெயில் பட்டதும் கரையும். பக்கத்தில் எரியும் நெருப்பின் புகை இரண்டு மூன்று நிமிடத்தில் செங்குத்தாக ஏறும், காற்றுத் திசை மாறினால் சட்டென்று விழும், மறுபடி ஏறும். ரம்பத்தின் பற்கள் போல இருக்கும். கூடவே ஒரு நோட்டும் வேண்டும். எத்தனை மணி, என்ன நாற்றம், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? இந்த மூன்றையும் அப்போதே எழுத வேண்டும். மறுநாள் நினைவிலிருந்து எழுதியதை நான் ஏற்பதில்லை.

தொலைவிலுள்ள நிலையத்தின் எண்ணைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொள்வது

காற்றுத் தரம் காட்டும் கைபேசிச் செயலி பச்சை காட்டுகிறது என்று ஜன்னலைத் திறந்து வைப்பவர்கள் அநேகம். அந்த எண் பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலையத்துடையதாக இருக்கலாம். நகரைச் சுற்றிப் போகும் பெருஞ்சாலை உங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுவது அதற்குத் தெரியாது. சாலைப் புகையின் தாக்கம் முதல் சில நூறு மீட்டரில்தான் கடுமையாக இருக்கும். லண்டனின் தென்கிழக்கில் லூயிஷாமில் எலா கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமியின் வீடு, சவுத் சர்க்குலர் சாலையிலிருந்து சுமார் 30 மீட்டரில் இருந்தது. கடும் ஆஸ்துமாவால் 2013இல் 9 வயதில் இறந்தாள். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, காற்று மாசையும் இறப்புக்கான காரணங்களில் ஒன்றாகப் பதிவு செய்தார். அவளுடைய அம்மா பல ஆண்டுகள் விடாமல் போராடிப் பெற்ற தீர்ப்பு அது.

சுட்டெண்ணையும் மைக்ரோகிராமையும் ஒன்றாக்குவது

ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் பிஎம் 2.5 இருந்தால், இந்தியாவின் காற்றுத் தரச் சுட்டெண்ணில் (ஏக்யூஐ) அது 100, அதாவது "திருப்திகரம்". அமெரிக்கச் சுட்டெண்ணில் அதே காற்று 150ஐத் தாண்டி "உடல்நலத்துக்குக் கேடு" ஆகிவிடும். நுரையீரலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 24 மணி நேரத்துக்கு 15, ஆண்டுச் சராசரிக்கு 5. எப்போதும் மைக்ரோகிராமில் எழுதுங்கள், எத்தனை மணி நேரச் சராசரி என்பதையும் சேர்த்து.

கருவியைச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே மாட்டுவது

மாட்டாதீர்கள். அது உங்கள் அடுப்பைத்தான் அளக்கும்.

மண் புழுதியைச் சிறு கருவியால் நிரூபிக்கப் பார்ப்பது

முடியாது. லேசர் கருவிகள் பெரிய துகள்களை ஒழுங்காகப் பார்ப்பதில்லை. கல்குவாரிப் புழுதிக்கு வேறு கருவி வேண்டும்.

துகளோடு நின்றுவிடுவது

புறநகருக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு: ஓசோன். வண்டிகளும் ஆலைகளும் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் சேர்ந்து ஓசோனாகின்றன. நகர மையத்தில் வண்டிகள் புதிதாக விடும் நைட்ரிக் ஆக்சைடே அதைத் தின்றுவிடும். காற்றோடு நகர்ந்து புறநகருக்கு வரும்போது தின்ன ஆளில்லை, ஓசோன் ஏறுகிறது. வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், துகள் எண் குறைவாக இருக்கும், பிள்ளைகள் மைதானத்தில் ஓடிவிட்டு வந்து நெஞ்சு எரிகிறது என்பார்கள். உச்சி வெயில் தாழ்ந்த பிற்பகல்தான் அதன் நேரம். என்95 முகக்கவசம் இங்கே உதவாது, ஓசோன் வாயு.

"காலை நடை" என்று இருட்டோடு கிளம்புபவர்களுக்கு, மேலே சொன்ன வெப்பத் தலைகீழை நினைவூட்டுகிறேன். பெருஞ்சாலை ஓரமாக விடியலுக்கு முன் நடப்பதைவிட, வெயில் ஏறித் தரைக்காற்று கலைந்த பிறகு உட்தெருக்களில் நடப்பது நல்லது. இதய நோயாளிகளாக இருந்தால் கட்டாயம்.

இருமல் இல்லை, ஆகவே பாதிப்பு இல்லை என்பது

இதைச் சொல்பவர்களிடம் எனக்குக் கோபம் வருவதில்லை, கவலைதான் வருகிறது. வெளிக்காற்று மாசால் நேரும் இறப்புகளில் பெரும்பகுதி மாரடைப்பு, பக்கவாதம். நுண்துகள் தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு அளவுதான். மூச்சறையின் ஆழம்வரை போய் அழற்சியைக் கிளப்புகிறது, மிகச் சிறியவை ரத்தத்திலும் கலக்கின்றன. 1993இல் வெளிவந்த ஹார்வர்டின் ஆறு நகர ஆய்வு, எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது. புகைப்பழக்கத்தைக் கணக்கில் எடுத்த பிறகும், மிக மாசான ஊரில் இறப்பு விகிதம் மிகத் தூய ஊரைவிட 26 சதவீதம் அதிகம். 2013இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வெளிக்காற்று மாசையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணி என்று வகைப்படுத்தியது. தென் கலிஃபோர்னியாவில் பெருஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் வளர்ந்த பிள்ளைகளின் நுரையீரல் வளர்ச்சி குறைந்திருந்தது. அவர்களில் ஆஸ்துமா இல்லாத பிள்ளைகளுக்கும் அப்படித்தான். சரி, நல்ல செய்தியும் உண்டு: அங்கே காற்று தூய்மையானபோது பின்னால் வந்த பிள்ளைகளின் நுரையீரல் நன்றாக வளர்ந்தது. 2015இல் அதையும் அளந்து காட்டினார்கள்.

மரம் நட்டால் போதும் என்பது

போதாது. நடுங்கள், நெருப்பையும் நிறுத்துங்கள்.

அந்தத் தம்பியிடம் ஈரப்பதப் பதிவைச் சேர்த்து மறுபடி வரையச் சொன்னேன். கூடவே மூன்று இரவு ஜன்னலோரம் விழித்திருந்து நோட்டு எழுதச் சொன்னேன். நேற்று அனுப்பினார். விடியற்காலை மலை, ஈரப்பதக் கோட்டோடு அச்சாக ஒட்டிக்கொண்டிருந்தது. திருத்திப் பார்த்தபோது பாதிக்கும் கீழே போயிற்று. ஆனால் இரவு 9.40க்கு, ஈரப்பதம் 58 சதவீதத்தில் இருக்கும்போது, ரம்பப் பல் மாதிரி ஒரு முகடு மூன்று நாளும் அதே இடத்தில் நின்றது. நோட்டில் மூன்று முறையும் "ரப்பர் கருகும் வாடை, வடகிழக்குக் காற்று" என்றிருந்தது. தொழிற்கூடம் இருப்பது தெற்கே. வடகிழக்கில் என்ன இருக்கிறது என்று பார்க்க இன்று இரவு இருவரும் போகிறோம்.